ஹெப்பகோடியில் ஒரு சாயங்காலம்

மருந்தும் உடுப்பும் உலகமெங்கும் ஏற்றுமதியாகும் ஊர். தலைக்கு மேல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனால் இங்கே உழைக்கிறவர்களுக்கு மாலைப்பொழுது என்று ஒன்று இருக்கிறதா?

சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூருக்கு பஸ்ஸில் போனவர்கள் எல்லோருமே ஹெப்பகோடியைக் கடந்திருப்பார்கள். பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அத்திப்பள்ளியில் எல்லை தாண்டி, சந்தாபுரம் நெரிசலில் தூக்கம் கலைந்து, மேலே செருகிய பையை இறக்கி மடியில் வைத்துக்கொள்ளும் நேரத்தில் ஊர் வந்து போய்விடும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டி ஏறுமா, மடிவாளாவில் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதுதான் பயணிகளின் கவலை. வழியில் ஓர் ஊர் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி அது மாறியது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள் என்று மெட்ரோவின் மஞ்சள் பாதையைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். கடைசி நிலையத்துக்கு முந்தையது ஹெப்பகோடி. இப்போது ஒருவர் வேலை எதுவும் இல்லாமல், சும்மா ஊர் பார்க்கவேகூட இங்கே வந்து இறங்கலாம். அப்படி இறங்கிய ஒரு வார நாள் மாலையின் கதை இது.

இறங்கியதுமே ஒரு விஷயம் கண்ணில் படும். நிலையத்தின் பெயர் வெறும் ஹெப்பகோடி அல்ல, பயோகான் ஹெப்பகோடி. நிலையம் கட்ட அந்த நிறுவனத்தின் அறக்கட்டளை 65 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது. இந்த வழியில் இது ஒன்றும் விசேஷமில்லை. முன்னால் உள்ள கோணப்பன அக்ரஹாரத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பெயர், அடுத்துள்ள பொம்மசந்திராவுக்கு டெல்டா எலெக்ட்ரானிக்ஸின் பெயர். நம் ஊர்க் கோயில்களில் வெளிச்சமே வராத அளவுக்கு டியூப்லைட்டின் மேல் 'உபயம்' எழுதிவைப்பார்கள். இங்கே வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் இரண்டாவதாக வருகிறது.

இதைக் குறையாகச் சொல்வதா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஹெப்பகோடியை வெளியுலகத்துக்குத் தெரியவைத்தது அந்தக் கம்பெனிதான். கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சும் கலையைப் படித்துத் தேறியவர். ஊர் திரும்பியபோது பெண் என்பதால் மதுபான ஆலை எதுவும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. 1978இல் அயர்லாந்துக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, 10,000 ரூபாய் முதலீட்டில், பெங்களூரில் ஒரு வாடகை கார் ஷெட்டில் தொழிலைத் தொடங்கினார். முதல் சரக்கு பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் என்ற நொதியும், மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும். இரண்டுமே பீரைத் தெளியவைக்க உதவுபவை. வேலை கொடுக்காத தொழிலுக்கே சரக்கு விற்றார் என்று சொல்லலாம். அங்கிருந்து நொதிகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள், 2004இல் ஈஸ்ட்டிலிருந்து தயாரித்த இன்சுலின் என்று வளர்ந்தது. அதே வருஷம் பங்குச் சந்தைக்குப் போனபோது முதல் நாளிலேயே கம்பெனியின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

ஓசூர் ரோட்டின் முகத்தை மாற்றியது இந்த ஒரு கம்பெனி மட்டுமல்ல. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 332 ஏக்கரில் அடித்தளம் போட்டதும் அதே 1978இல்தான். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. நடுவில் மாட்டிக்கொண்டது ஹெப்பகோடி. ராகி விளைந்த ஆனேக்கல் தாலுகாவின் கிராமம் இன்று நகரசபை.

மாலை ஐந்தரை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் கதவு திறக்கும் நேரம். முதலில் ஒரு சின்ன வரிசை, பிறகு தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள். வாசலில் கைப்பைகளைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். காலையில் சாப்பாடு கொண்டுவந்த டிபன் கேரியர் இப்போது பைக்குள் கலகலக்கிறது. யாரும் நிதானமாக நடப்பதில்லை. டெம்போவைப் பிடிக்க வேண்டும், காய்கறி வாங்க வேண்டும், டியூஷன் முடிந்து வரும் குழந்தைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும்.

காதில் விழும் பேச்சு கன்னடம் மட்டுமல்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரித் தமிழும் ஆனேக்கல் பக்கத்துத் தெலுங்கும் கலந்து வருகின்றன. கொஞ்சம் தள்ளி மருந்துத் தொழிற்சாலையிலிருந்தும் இன்ஜினீயரிங் பட்டறைகளிலிருந்தும் வருகிற இளைஞர்களிடம் ஒரியாவும் வங்காளியும் அஸ்ஸாமியும். பூ விற்கும் அம்மாள் மூன்று பேரிடம் மூன்று பாஷையில் முழம் விலை சொல்கிறார். நான்காவதாக நின்ற நம்மிடம் "எந்த ஊரு தம்பி?" என்று நேராகத் தமிழிலேயே கேட்டுவிட்டார். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலும். அவர் திருப்பத்தூர் பக்கம். கல்யாணமாகி வந்ததாம். எத்தனை வருஷம் என்று கேட்டால் கையை விரித்துச் சிரிக்கிறார்.

சாலையை விட்டு உள்ளே நடந்தால் ஏரி. கன்னடத்தில் பெரியது என்ற பொருளில் 'ஹெப்' என்று சேர்ப்பார்கள். ஹெப்பாகிலு என்றால் பெருவாசல், ஹெப்பாவு என்றால் மலைப்பாம்பு. கோடி என்பது ஏரி நிரம்பி வழியும் கலிங்கு. வட ஆற்காட்டுக்காரர்கள் இன்றும் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். பெருங்கலிங்கு என்பதுதான் ஊர்ப்பெயரோ என்று கரையில் நிற்கும்போது தோன்றுகிறது. பெயராராய்ச்சி நம் வேலையல்ல. ஆனால் ஏரியால் பிழைத்த ஊர் என்பது மட்டும் பார்த்தாலே தெரிகிறது.

அந்த ஏரியை ஊரும் தொழிற்சாலைகளும் சேர்ந்தே கெடுத்தன. சாக்கடையும் கழிவுநீரும் கலந்து, பெங்களூரின் மற்ற ஏரிகளைப் போலவே இதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய இடமானது. பத்தாண்டு காலத்துக்கு முன்னால் பயோகான் அறக்கட்டளைதான் இதைச் சீர்செய்ய முன்வந்தது. தண்ணீருக்குக் காற்றூட்டும் கருவிகள், நொதிகள், கூடவே மிதக்கும் தீவுகள். தெர்மோகோல் தெப்பம் போல மிதக்கும் தட்டுகளில் கோரை, வெட்டிவேர், கல்வாழை போன்ற செடிகளை நட்டுவிடுவார்கள். வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி, கழிவிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். எளிய வேலை, செலவு குறைவு. ஒரே நிபந்தனை, ஊர் தொடர்ந்து சாக்கடையை விடாமலிருக்க வேண்டும். இந்த நிபந்தனைதான் பெங்களூர் ஏரிகள் எதிலும் நிறைவேறுவதில்லை.

ஆறு மணி வெயிலில் கரை அழகாகவே இருக்கிறது. ஆனால் நடப்பவர்களைப் பாருங்கள். விளையாட்டு ஷூவும் காதில் பாட்டுக் கருவியுமாகப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள், ஓய்வுபெற்ற இரண்டு பெரியவர்கள், ஒரு காதல் ஜோடி. ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலைக் கதவிலிருந்து வெளியே வந்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இங்கே இல்லை. மாலைப்பொழுது ஊருக்கு வந்துவிட்டது, எல்லோருக்கும் வந்து சேரவில்லை.

அந்தப் பெண்கள் ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போகாமல் ரோட்டில் நின்றார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 2016 ஏப்ரல்.

விஷயம் ப்ராவிடண்ட் ஃபண்ட். தொழிலாளி சம்பளத்தில் 12 சதவீதம், முதலாளி பங்கு இன்னொரு 12 சதவீதம், அதில் ஒரு பகுதி பென்ஷனுக்கு. அந்த வருஷம் பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது. வேலையை விட்டாலும் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது. டெல்லியில் இருந்து பார்த்தால் நல்ல யோசனை. முதுமைக்குச் சேமிப்பு வேண்டாமா?

ஹெப்பகோடியில் இருந்து பார்த்தால் கணக்கே வேறு. தையல் மெஷினில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை காலர், இத்தனை பொத்தான் துளை என்று இலக்கு வைத்து உழைக்கும் பெண் 58 வயது வரை அதே வேலையில் இருப்பதில்லை. நாற்பதிலேயே முதுகும் கண்ணும் போய்விடுகின்றன. சில வருஷத்துக்கு ஒரு முறை வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து, மகள் கல்யாணம், மகன் காலேஜ், வட்டிக் கடன் என்று அடைத்துவிட்டு, அடுத்த கம்பெனியில் புதிதாகச் சேர்வதுதான் இங்கே நடைமுறை. அவர்களைப் பொறுத்தவரை அது முதுமைக்கான பணமல்ல, சம்பளத்திலிருந்து பிரித்துவைத்த சீட்டுப் பணம். அதில் கை வைத்தால்?

ஏப்ரல் 18ஆம் தேதி பொம்மனஹள்ளி பக்கத்தில் பெண்கள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓசூர் ரோட்டுக்கு வந்தார்கள். அழைத்து வந்தது எந்தக் கட்சியும் அல்ல. பெரிய தொழிற்சங்கமும் அல்ல. செய்தி ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பரவியது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்ப்யூட்டர்காரர்கள் மணிக்கணக்கில் காருக்குள் முடங்கினார்கள். மறுநாள் கூட்டம் இன்னும் பெருகியது, நகரத்தின் வேறு மூலைகளுக்கும் பரவியது, கை மீறியது. ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷன் மீது கல் விழுந்தது. அங்கே பிடித்துவைத்திருந்த வண்டிகள் எரிந்தன. நகரில் பஸ்களும் எரிந்தன. தடியடி, கண்ணீர்ப்புகை. தீ வைத்தவர்கள் தொழிலாளிகளா, கூட்டத்தில் நுழைந்தவர்களா என்ற வாதம் பிறகு நெடுநாள் நடந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் மத்திய தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா விதிமாற்றத்தையே வாபஸ் வாங்கினார். முதலில் ஜூலை வரை தள்ளிவைப்பதாகத்தான் சொன்னார்கள். அது போதவில்லை. இரண்டே நாள், தலைவர் என்று ஒருவரும் இல்லை. தொழிற்சங்கங்கள் மாநாடு போட்டும் சாதிக்காததை டிபன் கேரியர் தூக்கிய பெண்கள் சாதித்தார்கள். இன்று அந்த ஸ்டேஷன் பக்கம் நடந்தால் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. இங்கே வேலைக்கு வருகிற இருபது வயதுப் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

ஊரின் பழைய குடிகளுக்கு ரோடு சொந்தமாகும் சமயம் ஒன்று இன்னும் உண்டு. பக்கத்து ஹுஸ்கூரில் மத்தூரம்மா திருவிழா. சுற்றுவட்டாரக் கிராமங்கள் போட்டி போட்டுக்கொண்டு நூறடிக்கு மேல் உயரும் தேர்களைக் கட்டி இழுத்து வருகின்றன. முன்பு காளைகள், இப்போது கூடவே டிராக்டரும் ஜே.சி.பி.யும். 2024இல் ஒரு தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் மழைக்காற்றில் இரண்டு தேர்கள் விழுந்து உயிர்ச்சேதமே ஆனது. உயரத்தைக் குறைக்கலாம் என்ற பேச்சு வராமல் இல்லை. ஆனால் நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்கும் பிளாட்டுக்கும் போன பிறகு, அடுத்த கிராமத்தைவிட உயரமாகக் காட்ட இவர்களிடம் மிச்சமிருப்பது தேர்தான்.

ஏழு மணி. கடைகளுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. தட்டு இட்லி, பானிபூரி, வடகிழக்குப் பையன்கள் போடும் மோமோ. கோபி மஞ்சூரியன் வண்டியில் ஒரு மாற்றம் தெரிகிறது. பழைய செக்கச்செவேல் நிறம் இல்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடைசெய்தது. ருசியில் பெரிய வித்தியாசமில்லை. ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் 'பை டூ' வழக்கம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அசையாமல் நீடிக்கிறது.

தமிழ்நாட்டு எல்லை இங்கிருந்து அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. வேலைக்கு தினமும் இந்தப் பக்கம் வருகிறவர்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் என்று இரண்டும் உண்டு. சாதாரண நாளில் எல்லை ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். ஆனால் அதே 2016இல், செப்டம்பரில், காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் பற்றியெரிந்தபோது பஸ்கள் நின்றன. தமிழர்கள் குழந்தையை இடுப்பிலும் பெட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஜுஜுவாடிக்கு நடந்தார்கள். ஏப்ரலில் இதே ரோட்டில் கன்னடப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் தோளோடு தோள் நின்று ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எல்லை ஊர் வேறு மாதிரியும் இருக்கலாம். பின்லாந்தின் வடக்கே ரஷ்ய எல்லையிலிருந்து சுவீடன் எல்லை வரை சுமார் 440 கிலோமீட்டரைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஏழு நாளில் கடக்கும் ஒரு பயணம் நடக்கிறது. அது முடியும் ஊர் தோர்னியோ. ஒட்டினாற்போல் சுவீடனின் ஹபரண்டா. சறுக்கி வந்து களைத்தவர்கள் மாலையில் ஊர் பார்க்கக் கிளம்பினால் தெருவோடு நடந்தே அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஆறு. கோல்ஃப் மைதானம்கூட எல்லையின் இரு பக்கமும் படர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் இரண்டு நாட்டு ரயில் பாதைகளின் அகலம் வேறு வேறு. பின்லாந்தில் 1,524 மில்லிமீட்டர், சுவீடனில் 1,435. அதற்காக ஊர்கள் தள்ளி நிற்கவில்லை. இரண்டு அகலத்துக்கும் தண்டவாளம் போட்டுக்கொண்டார்கள்.

நம் கதைக்கு வருவோம். மஞ்சள் பாதையை ஓசூர் வரை நீட்டலாம் என்ற யோசனை பல காலமாக உண்டு. சிக்கல் இங்கேயும் ஒரு தொழில்நுட்பத்தில் வந்து நிற்கிறது. பெங்களூர் மெட்ரோ ஓடுவது 750 வோல்ட் நேர்மின்சாரத்தில், தண்டவாளத்தின் பக்கவாட்டிலிருந்து. சென்னை மெட்ரோ முறை 25,000 வோல்ட் மாறுமின்சாரம், தலைக்கு மேல் கம்பியில். ஓசூர் பகுதிக்குத் தமிழ்நாட்டுத் தரப்பு அந்த முறையை முன்வைக்க, ஒத்துவராது என்று பெங்களூர் சொன்னது. பொம்மசந்திராவில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று பயணிக்குத் தோன்றலாம். பயணியை யாரும் கேட்கவில்லை.

ஓசூர் இருக்கட்டும். இங்கேயே ரயில் யாருக்காக ஓடுகிறது? திறந்த சமயத்தில் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. பிறகு எண்ணிக்கை கூடியது. தொடக்கத்தில் வைத்த கட்டணப்படி பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 60 ரூபாய். போக வர 120. மாதம் 26 நாள் வேலைக்கு 3,120 ரூபாய். எலெக்ட்ரானிக் சிட்டியில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது பெட்ரோல் செலவைவிடக் குறைவு. தையல் மெஷினில் இருக்கும் பெண்ணுக்கு வீட்டு வாடகையில் பெரும் பகுதி.

அவர்களுடைய வாகனம் கீழேதான் ஓடுகிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் 'சக்தி' திட்டத்தில் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எட்டு மணிக்கு ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் திட்டத்தின் வெற்றி தெரியும். படிக்கட்டு வரை பெண்கள். ஓவர்டைம் முடித்து வருகிறவர்கள் இவர்கள். நடத்துனர் நெரிசலுக்குள் புகுந்து அடையாள அட்டை கேட்கிறார். கர்நாடகத்தில் வசிப்பதைக் காட்டும் அட்டைதான் செல்லும். தமிழ்நாட்டு முகவரி போட்ட ஆதார் செல்லாது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவசப் பயணம் அந்தப் பக்கத்து நகரப் பேருந்துகளோடு சரி. முகவரி மாற்றலாமே என்றால், ஊரில் ரேஷன் கார்டு போய்விடும், வாக்கு போய்விடும், வாடகை வீட்டுக்காரர் பத்திரம் தரமாட்டார் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. வருஷக்கணக்காக இங்கே உழைத்தும் பலருடைய அட்டையில் இன்னும் ஊத்தங்கரையும் பர்கூரும்தான்.

பஸ் புறப்படத் தயாராகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்த ஒரு பெண் நடத்துனரிடம் அட்டையை நீட்டவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து சின்ன பர்ஸை எடுத்து, சில்லறையை எண்ணி, டிக்கெட் வாங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவள் இலவசச் சீட்டை மடித்து வளையலுக்குள் செருகியபடி, "உனக்கு இன்னும் மாத்தலயா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்கிறாள். "அடுத்த மாசம்" என்கிறாள் இவள், தமிழில்.